மேனேஜருக்குக் குளிருகிறதாம்

தனக்கென்று ஒரு தம்ளர் வெந்நீர் கேட்கக்கூட வாய் வராத ஓர் இனம் இந்த உலகத்தில் நடமாடுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் அடையாளம் தெரியாமல், 'அடடா, எவ்வளவு இரக்கமுள்ள மனுஷன்!' என்று மெச்சிவிட்டு வந்திருப்பீர்கள். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் பூனை வக்கீல். கோடையில் இவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஊரில் எல்லாரையும் போல மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டிருப்பார்கள். குளிர்காலம் பிறக்கட்டும், வீட்டில் வயதான பூனை ஒன்றும் இருக்கட்டும், அப்புறம் பாருங்கள் இவர்கள் வாதத்தை!

நமக்குத் தெரிந்த லிஃப்ட் மெக்கானிக் ஒருவரையே எடுத்துக்கொள்வோமே. தான் ஏணியில் ஏறி இறங்கி, ஊரார் முழங்கால்களையெல்லாம் காப்பாற்றியே தலை நரைத்தவர். அவர் குடியிருக்கும் வீட்டிலோ படுக்கையறை மாடியில். ஏறுவதற்குச் செங்குத்தான படிக்கட்டுதான் கதி. அந்த வீட்டில் பதினாறு வயதுப் பூனை ஒன்று உண்டு. பெயர் மேனேஜர். வைத்தவர் மெக்கானிக்கின் மனைவி. யார் என்ன வேலை செய்தாலும் எதிரே வந்து உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்க்கும், தான் மட்டும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. வேறு என்ன பெயர் வைப்பது?

முதல் குளிர்காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்த அன்றே வழக்கு ஆரம்பமாகிவிடும்.

"ஹீட்டரைப் போடேன். மேனேஜருக்குக் குளிருது."

"போட்டா எனக்குத் தொண்டை வறண்டுபோகும்னு தெரியும்ல?"

"எனக்கா கேக்குறேன்? வாயில்லா ஜீவன்மா அது!"

வாயில்லா ஜீவன் அந்த நேரத்தில் ஜன்னல் திட்டில், ஜில்லென்ற கண்ணாடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வெளியே போகிற சைக்கிள்களைச் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் என்ன? கட்சிக்காரரின் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டா வக்கீல் வாதாடுகிறார்? ஹீட்டர் வந்தது. அது இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தது. பூனைப் படுக்கையும் காற்று படாத மூலை என்று அதே நாற்காலியின் காலடிக்கு வந்தது. பூனைக்கென்று வாங்கிய வெந்நீர்ப் பை, சூடு சுட்டுவிடாமல் துண்டில் சுற்றப்பட்டு, பாதி பூனைமேலும் பாதி இவருடைய இடது முழங்கால்மேலும் கிடந்தது. நாளாக ஆகப் பூனையின் பாதி குறைந்துகொண்டே போனதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்காக மனிதரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பூனைமேல் அவருக்கு உயிர். கிழட்டுப் பூனைக்குத் தன் முதுகை நக்கிச் சுத்தம் செய்ய உடம்பு வளையாது என்று தெரிந்து, தினமும் வேலைவிட்டு வந்ததும் மெல்லச் சீப்புப் போட்டுச் சிக்கெடுப்பார். வாலடியில் ஒட்டியிருப்பதை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, ஈரம் நின்றால் குளிருமே என்று உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுப்பார். மணல் தட்டின் விளிம்பு உயரமாக இருக்கிறது, பாவம் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை என்று ஒரு பக்கத்தை அறுத்து, அதன் காலைக் கீறாமல் இழைத்தும் வைத்தார். பெற்ற மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இதில் பாதி செய்திருந்தால் கோயில் கட்டியிருப்பேன் என்பது மனைவியின் கட்சி.

விஷயம் இவ்வளவுதான்: குளிர்ந்தது இருவருக்கும். வலித்தது ஒருவருக்கு. அது பூனை இல்லை.

மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவர். கன்னம் பலாச்சுளை மாதிரி வீங்கியிருக்க, 'வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்' என்கிற வீரர்களைத் தினமும் பார்க்கிறவர். அவரிடமா இந்தப் பருப்பு வேகும்? ஆனாலும் பொறுத்துக்கொண்டிருந்தார், அந்த மாலைவரை.

அன்றைக்கு மெக்கானிக் வழக்கம்போல மேனேஜரைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். பாதிப் படியில் இடது முழங்கால் சட்டென்று கைவிட்டது. பின்னால் சாயாமல் பக்கச் சுவரில் முட்டி, தடாலென்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, பூனையை விடவில்லை. மனைவி பதறி ஓடிவந்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மேனேஜருக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காரலாம்னு பாக்குது."

"அது உங்க கையில இருக்கு. ஏறினது நீங்க!"

"வயசாயிடுச்சில்ல? தூக்கிட்டுப் போனாலே அதுக்குக் களைப்பாயிடும்."

சொல்லும்போதே முகம் வெளுத்து வியர்த்திருந்தது. மேனேஜர் துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, ஏன் வண்டி நின்றது என்கிற மாதிரி இருவரையும் பார்த்தது.

மறுநாள் விடிந்ததும் வக்கீல் ஒரு முடிவுக்கு வந்தார். முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்! எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? கால்நடை டாக்டரிடம். பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு, மனைவியையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு.

டாக்டரம்மா பூனையைத் தடவினார், ரோமத்தை விலக்கிப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். "நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்க. குளிர் முடியுற வரைக்கும் குளிப்பாட்டாதீங்க, இந்த மாதிரி துடைச்சாலே போதும். நகம் மட்டும் வளைஞ்சு வளருது, வெட்டிடலாம். வேற என்ன தொந்தரவு?"

"காலு டாக்டர். இடது கால் முட்டி. காலையில எழுந்ததும் மடக்கவே முடியல."

"முன்னங்காலா, பின்னங்காலா?"

வக்கீல் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "பின்... பின்னாலதான். குளிர்ல இன்னும் மோசம். ஏணியில ஏறும்போது சுருக்குனு இழுக்குது டாக்டர்!"

டாக்டரம்மா நிமிர்ந்தார். "இந்த வயசுல பூனையை எதுக்குங்க ஏணியில ஏத்துறீங்க?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி, சுவரில் மாட்டியிருந்த பசுமாட்டுப் படத்தை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். டாக்டரம்மா பூனையின் பின்னங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். மேனேஜர் கொட்டாவி விட்டது. "வயசுக்கு ஏத்த விறைப்பு கொஞ்சம் இருக்கு. வலியெல்லாம் இல்ல. நீங்க சொல்ற வலிக்கு என்கிட்ட மருந்து இல்லீங்க. மனுஷங்களைப் பாக்குற டாக்டர்கிட்டதான் இருக்கும்."

குட்டு உடைந்த மனிதர் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு காரியம் செய்தார். கூடையைத் திறந்து பூனையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழக்கில் வக்கீல் மாறிவிட்டார்!

"மேனேஜர் ஒண்ணு சொல்லுது, கேட்டுக்கோங்க. நேத்து படியில உருண்டிருந்தா என் கதி என்னன்னு கேக்குது. இந்த முட்டியை நம்பி இனிமே மாடிக்கு வரமாட்டேங்குது. அவர் டாக்டரைப் பாக்குற வரைக்கும் நான் கீழேயே இந்தம்மாகூடப் படுத்துக்கிறேன்னு சொல்லுது."

பூனை சொன்னால் அப்பீல் கிடையாது என்று அந்த வீட்டில் சட்டம் போட்டவரே அவர்தானே! நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டர் இனிமே ஏணியில ஏறவே கூடாதுன்னு சொல்லிட்டார்னா?"

"இதை யார் கேக்குறது? மேனேஜரா, நீங்களா?"

மெக்கானிக் தேய்ப்பதை நிறுத்தினார். "நான்தான். எனக்கு வேற வேலை தெரியாதும்மா. வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு."

மனைவிக்கு அதற்குமேல் கேலி வரவில்லை. பூனையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதை முதல்லயே வாயைத் திறந்து சொன்னா என்ன? ஏணியில இருந்து விழுந்தா வேலை மட்டுமா போகும்? கிளம்புங்க. நானும் வரேன்."

எலும்பு டாக்டர், "சொல்லுங்க, யாருக்கு என்ன?" என்றார். மெக்கானிக்கின் கை பழக்கதோஷத்தில் பக்கத்தில் கூடையைத் தேடியது. கூடை இல்லை. மனைவியோ உதவி செய்வதாக இல்லை. கைப்பையில் எதையோ தீவிரமாகத் துழாவிக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் டாக்டர்," என்றார் மெக்கானிக். "எனக்கு முட்டி வலிக்குது."

தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சூடு ஒத்தடம், கொஞ்சம் பயிற்சி, குளிர்காலம் முடியும்வரை ஏணி கூடாது. கம்பெனியில் வேலையும் போகவில்லை. அதுவரை இளைஞர்கள் ஏறட்டும், நீங்கள் கீழே உட்கார்ந்து அவர்கள் சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, எதிரே உட்கார்ந்து, மற்றவர்கள் வேலை செய்வதைக் கண்கொட்டாமல் பார்த்து, தான் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் சம்பளம் வாங்கும் பதவி. வீட்டில் இப்போது மேனேஜர் இரண்டு.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அன்று ராத்திரியே, "மேனேஜருக்கு இன்னொரு போர்வை வேணுமாம்" என்று குரல் வந்தது. "எந்த மேனேஜருக்கு?" என்று மனைவி கேட்டுக்கொண்டே கொண்டுவந்து போட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். போன வாரம் விருந்து ஒன்றிலிருந்து சீக்கிரம் கழன்றுகொள்ள, 'குழந்தைக்குத் தூக்கம் வந்துடுச்சு' என்றீர்களே, அந்தக் குழந்தை அப்போது மேஜைக்கடியில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தது. 'எங்க வீட்டுக்காரருக்கு இனிப்புன்னா உசுரு' என்று இன்னொரு துண்டு கட்டி வாங்கி வந்தது யார் வாய்க்குள் போனது? எங்களிடம் பூனையே இல்லையே என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். அடுத்த தடவை யாராவது 'குளிருதா?' என்று கேட்டால், அக்கம்பக்கம் யாரையும் கைகாட்டாமல், 'ஆமா, எனக்குக் குளிருது' என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பாருங்கள். வாய் வருகிறதா?