மாணவி வாய் திறக்காத வாய்மொழித் தேர்வு

எங்கள் பல்கலைக்கழகத்தில் பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் பாரபட்சம் நடக்கிறது என்று ஒரு புகார் வந்தபோது, அதை எந்த அலமாரியில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

புகார் கொடுத்தவள் பாசியைப் பற்றி வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்த மாணவி. வாய்மொழித் தேர்வில் தேறினால் முனைவர் பட்டம்; இல்லையென்றால் அத்தனை வருடமும் பாசியோடு போச்சு. தேர்வு நடத்தும் தாவரவியல் பேராசிரியர் சொந்த ஊர்க்காரர்களை "அம்மா சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டுப் பாஸ் போடுகிறார், வெளியூர்க்காரர்களைக் கேள்வியாலேயே வறுத்தெடுக்கிறார் என்பது அவள் குறை. அவளை ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்.

பதிவாளர் தலைமையில் குழு கூடித் தேநீர் அருந்தியது. பேராசிரியரை மாற்றினால் அவர் மனம் புண்படும். அது அவருக்கு இழைக்கும் பாரபட்சம். ஆகவே மாணவியை மறைத்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அலுவலக உதவியாளனான நான், கலையரங்கத்துச் சிவப்புத் திரையைக் கழற்றிவந்து தேர்வு அறையின் குறுக்கே கட்டினேன்.

"பேச்சை வச்சே ஊரைக் கண்டுபிடிச்சிடுவாரே சார்," என்றாள் மாணவி.

பதிவாளருக்கு இது நியாயமாகப் பட்டது. "அப்போ நீ பேசாதேம்மா."

மாணவி பதிலைக் கிசுகிசுக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தட்டச்சர் அம்மா அதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. பேராசிரியருக்கு மட்டும் இது தெரியக் கூடாது. தெரிந்தால் அவருடைய நடுநிலை கெட்டுவிடும்.

பேராசிரியர் முதல் கேள்வியையே மூச்சுமுட்டும்படி கேட்டார். மாணவி கிசுகிசுத்தாள். தட்டச்சர் அம்மா பாசியின் பெயரைக் கடித்துத் துப்பினார். திரைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஏம்மா, உனக்கு எந்த ஊரு?"

இதற்கு மட்டும் தட்டச்சர் அம்மா கிசுகிசுப்புக்குக் காத்திருக்கவில்லை. "பாலத்துக்கு அந்தப் பக்கம் சார். மில்லுக்குப் பின்னாடி."

"அட, நம்ம ஊரு. அம்மா சௌக்கியமா?"

"முட்டிவலிதான் சார்."

பேராசிரியர் கேள்வித்தாளை ஓரமாகத் தள்ளிவைத்தார். முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று விரிவாக விளக்கிவிட்டு, 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாணவி அழுதேவிட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விதிப்படி பதிவாளர் அவளிடம் கடைசியாக ஒன்று கேட்டார். இன்றைய தேர்வில் பாரபட்சம் ஏதாவது உண்டா?

"சேச்சே. இன்னிக்குத்தான் சார் மனசாட்சியோட மார்க் போட்டிருக்காரு."

புகார் முடித்துவைக்கப்பட்டது. வெளியே பாரபட்சத்தை ஒழிக்கச் சொல்லி அட்டை பிடித்து நின்ற வெளியூர் மாணவர்கள், அட்டைகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தட்டச்சர் அம்மாவுக்கு எந்தக் கிழமை சௌகரியப்படும் என்று என்னிடம் விசாரித்தார்கள். நல்லவேளை, இதே தேர்வுக்கு வரவிருக்கும் என் மகளுக்காக ஒரு கிழமையை நான் முன்பே பிடித்துவைத்துவிட்டேன்.