நாற்பது நிமிடப் பாட்டுப் பெட்டி

உள்ளங்கையளவு பாட்டுப் பெட்டி மறுபடியும் செத்துப் போயிருந்தது. காலையில்தான் முழுசாக சார்ஜ் ஏற்றியிருந்தார். சரியாக நாற்பது நிமிடம் பாடியது.

பூகோள வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. பெட்டி அவருடையதல்ல, மனைவியுடையது. நாளைக் காலை அவள் அக்காவைப் பார்க்க ஒன்பது மணி நேரம் ரயிலில் போகிறாள். காதில் பாட்டு இல்லாவிட்டால் இரண்டாவது ஸ்டேஷன் வருவதற்குள் தலை சுற்றி, குடலைப் புரட்டிவிடும். அப்பேர்ப்பட்ட சாமானை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மேஜையிலிருந்து எடுத்து, கம்பெனிக்காரன் போட்டிருந்த மென்பொருளை அழித்துவிட்டு, இணையத்தில் யாரோ புண்ணியவான்கள் இலவசமாகக் கொடுத்ததை ஏற்றியிருந்தார். பேட்டரி இரண்டு மடங்கு உழைக்கும் என்று அங்கே போட்டிருந்தது. யார் வீட்டு பேட்டரி என்று போடவில்லை.

“என்னங்க, ரொம்ப நேரமா என்ன பண்றீங்க?” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

“சும்மாதான்... உன் பாட்டுப் பெட்டியைத் தூசி தட்டறேன்.”

“நல்லா தட்டுங்க. அவசரமே இல்ல.”

இப்படி நம்புகிறாளே என்று, நிஜமாகவே ஒரு தடவை தூசி தட்டினார்.

திரை வெளிச்சத்தை அணைத்தால் பேட்டரி தாங்கும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அணைத்தார். பிறகு இருட்டில் குருட்டாம்போக்காக எதையோ அமுக்க, மொழி மாறிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தார். உலகப்படத்தில் எந்த நாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுகிறவருக்கு, அது எந்த நாட்டு எழுத்து என்று பிடிபடவில்லை.

மூன்று தடவை சுத்தமாகத் தீர்த்து ஏற்றினால் பேட்டரிக்குப் புத்தி வரும் என்றார் இன்னொருவர். சீக்கிரம் தீரட்டும் என்று சத்தத்தை உச்சத்தில் வைத்தார். புத்தி வந்ததோ என்னவோ, மூன்றாம் தடவை இருபதே நிமிடத்தில் அடங்கிவிட்டது. அடங்கும்போது மீதி நூற்றுப் பதினான்கு சதவீதம் என்று காட்டியது. அவர் வாழ்நாளில் எந்தப் பிள்ளைக்கும் அவ்வளவு மார்க் போட்டதில்லை.

கடைசியில் கத்தி முனையால் மூடியை நெம்பினார். திருகாணி ஒன்று தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. பின்னாலேயே அவரும் ஓடினார்.

“அங்க என்ன தேடறீங்க?”

“செருப்பு.”

“கால்லதானே இருக்கு?”

“இது... இன்னொரு ஜோடி.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அழுகிறாளோ என்று நினைத்தார். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொல்லத் தைரியமில்லை. ஆனால் அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் தவிப்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தெருக்கோடி ரிப்பேர் கடைக்கு ஓடினார்.

“எப்படியாவது வேற பேட்டரி போட்டுக் குடுங்க. நாளைக்குக் காலைல ரயில். தப்பெல்லாம் என்னோடதுதான். என் மூளைய இதுல காட்டியிருக்கக் கூடாது.”

கடைக்காரர் பெட்டிக்குள் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைப் படித்தார். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“சார், நீங்க பூகோள வாத்தியாரா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்தச் சீட்டு நான் ஒட்டினது சார். போன மாசம் உங்க வீட்டம்மா வந்து, ‘நான் பூகோள வாத்தியார் சம்சாரம். என்னோட பாட்டுப் பெட்டி மாதிரியே பேட்டரி செத்துப்போன பழசு ஒண்ணு குடுங்க, மேஜை மேல வச்சா எங்க வீட்டுக்காரர் அதை நோண்டிக்கிட்டிருப்பார், நல்லது என் பையில பத்திரமா இருக்கும்’னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.”