கோடு போட்ட உருளை

உலகத்தில் ஆய்வுக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தான் செய்த மருந்தைத் தானே விழுங்கிக் காட்டும் பெருந்தன்மை இந்த ஒன்றுக்குத்தான் வாய்த்தது. மருந்து, ஒரு ஞாபகசக்தி மாத்திரை. எலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய அன்றே, ஊழியர்கள் எல்லோருக்கும் தேநீரோடு ஒன்று என்று இயக்குநர் ஏற்பாடு செய்தார். முதல் மாத்திரையை அவரே போட்டுக்கொண்டார். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஆய்வாளர் ஒருத்தியின் வயிறு மட்டும் அதை ஏற்கவில்லை. 'நிறுவனப் பற்று போதாது' என்று பேசிக்கொண்டார்கள்.

அவளுடைய தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூடத்துக்கே அவள் அக்காவாகிவிட்டாள். மாத்திரை எலிகளின் விழித்திரையையும் பார்வை நரம்பையும் கெடுக்கிறதா என்று கண்டறிவது இருவரின் பொறுப்பு. தம்பி எலியைச் சிறு மேடையில் உட்காரவைத்து, சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட உருளையைச் சுழலவிடுவான். கண் தெரிகிற எலி கோடுகளோடு தலையைத் திருப்பும். பிறகு அக்கா அதன் நரம்பை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பாள்.

மாத்திரை தின்ற எலிகளின் நரம்பு செல்லரித்த கயிறாக இருந்தது. தம்பியோ, எல்லா எலிகளும் அழகாகத் தலையைத் திருப்பின என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் நேரில் போய்ப் பார்த்தாள். உருளை சுழன்றது, எலி பிடித்துவைத்த மண் போல உட்கார்ந்திருந்தது.

"பாத்தியாக்கா, எப்படித் திரும்புது."

"அது அசையவே இல்லடா."

"உனக்குத்தான் தெரியல. மாத்திரை போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டுத் தேநீருக்குக் கை நீட்டினான். கை, கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி மேசையைத் தடவியது. அவள் அவன் சட்டைப்பையிலிருந்த மாத்திரைகளை எடுத்துக் கழிவுத்தொட்டியில் போட்டாள். அவன் கவனிக்கவில்லை.

அவள் முறையிட, அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநர் தொடங்கி மூத்த விஞ்ஞானிகள் ஒவ்வொருவராக நுண்ணோக்கியில் குனிந்தார்கள். நரம்பு பளிங்கு போல இருக்கிறது என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

"நுண்ணோக்கியோட விளக்கை இன்னும் போடவே இல்லை சார்," என்றாள் அக்கா.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "வெளிச்சமே இல்லாம இவ்வளவு தெளிவாத் தெரியுதுன்னா, மாத்திரையோட மகிமையைப் பாருங்க."

கைதட்டல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். "மத்ததெல்லாம் போகட்டும் சார். என் தம்பிக்காவது மாத்திரையை நிறுத்துங்க. அவனுக்குக் கண்ணு போகுது."

"ஏம்மா, அவனுக்கென்ன குறைச்சல்? இதோ, என் முன்னாலயே கல்லு மாதிரி நிக்கிறானே," என்று இயக்குநர் கோட்டு மாட்டும் கம்பத்தின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மாத்திரை அடுத்த மாதம் கடைக்கு வருகிறது. 'ஆய்வுக் குழுவினர் யாருடைய கண்ணுக்கும் எந்தப் பாதிப்பும் தென்படவில்லை' என்கிறது அறிக்கை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அக்காவிடம் மட்டும் கையெழுத்து வாங்கவில்லை. பார்வைக் கோளாறு உள்ளவர்களின் கையெழுத்து செல்லாதாம்.