ஏரி விழுங்கியின் முதுகு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு டிவி ஓடக் கூடாது. சபதமே எடுத்துவிட்டேன். ஊரே பார்க்கட்டும், உலகமே பார்க்கட்டும், என் மனைவி மட்டும் அந்தப் படத்தைப் பார்த்துவிடக் கூடாது.

படத்தின் பெயர் 'ஏரி விழுங்கி'. டிவிக்கென்றே எடுத்த திகில் படம். ஏரியிலிருந்து ஒரு ராட்சத மிருகம் கிளம்பி வந்து ஆட்களைத் தின்னும். ஏரிக்கு வசதியில்லை, ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் எடுத்தார்கள். மிருகத்தின் கண்கள் இரண்டு டார்ச் லைட்டுகள். உடம்பைத் தைத்தவன் நான். வேஷ உடுப்பு தைப்பதுதான் என் தொழில். டைரக்டர் கொடுத்த ரோமத்துணி ஒரு கைக்கும் ஒரு காலுக்கும்தான் வந்தது. மீதி மிருகத்துக்கு நான் எங்கே போவேன்? வீட்டு அலமாரிக்குப் போனேன்.

அங்கே என் மனைவியின் பழுப்புக் கம்பளிப் போர்வை இருந்தது. அவளுடைய அண்ணன் ஆசையாகக் கொடுத்தது. வெட்டி முடித்த பிறகுதான் அது எனக்கு நினைவு வந்தது. "போர்வை எங்கே?" என்று அவள் கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சலவைக்குப் போட்டேன். கடைக்காரர் தொலைச்சுட்டார்."

நம்பிவிட்டாள். அந்தக் கடைக்காரர் ஏற்கெனவே அதே போர்வையில் இஸ்திரிப் பெட்டியை வைத்து முக்கோணமாகக் கருக்கியவர். அன்றோடு அவர் கடைக்கு எங்கள் துணி போவது நின்றது. மூன்று மாதமாக வீட்டுத் துணி மொத்தத்தையும் துவைப்பவன் நான். தெருவில் என்னைக் கண்டால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏனோ சண்டைக்கு மட்டும் வரவில்லை. பாவம் அந்த மனுஷன் என்று தோன்றும். ஆனால் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்த முக்கோணம் மிருகத்தின் முதுகில் இருந்தது. மிருகம் திரும்பினால் நான் தொலைந்தேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கேபிள் வயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"என்னங்க, டிவி வரலியே."

"கேபிள்ல ஏதோ கோளாறு. வா, வெளியில போய்ட்டு வரலாம்."

"உங்க படம் வர்ற அன்னிக்கா?"

வாசல் மணி அடித்தது. சலவைக்கடைக்காரர். கையில் புது வயர்.

"அம்மா, நீங்க போன்ல சொன்ன வயர் இதானே?"

அவளைச் சமையலறைப் பக்கம் இழுத்தேன். "இவரை எதுக்குக் கூப்பிட்டே?" என்று கிசுகிசுத்தேன்.

"மூணு மாசமா ஒரு மனுஷன்மேல கோபமா இருந்துட்டோம். ஒண்ணா உட்கார்ந்து ஒரு படம் பார்த்தா சரியாயிடும்."

சோபாவில் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர், நடுவில் நான். படம் ஆரம்பித்தது. தண்ணீர் கொப்பளித்தது. மிருகம் எழுந்தது. முன்பக்கம்தான். முதுகைக் காட்டவே கூடாது என்று கேமராக்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தேன். மிருகம் கர்ஜித்தது. இன்னும் முன்பக்கம்தான். என் பனியன் நனைந்துவிட்டது.

"ஏன் சார் இப்படி வேர்க்குது?" என்றார் கடைக்காரர்.

"படம் பயமா இருக்கு."

"நீங்க தைச்சதுதானே?"

"அதான் பயமா இருக்கு."

அப்போதுதான் கதாநாயகி தீப்பந்தத்தை வீசினாள். மிருகத்துக்குள் இருந்த நடிகருக்குக் கண் தெரியவில்லை. இடப்பக்கம் ஓட வேண்டியவர் அப்படியே திரும்பி நீச்சல் குளத்தைப் பார்த்து ஓடினார். அதை மறுபடி எடுக்க வசதியில்லை போலிருக்கிறது, அப்படியே விட்டிருந்தார்கள். திரை முழுக்க முதுகு. முதுகின் நடுவில் முக்கோணம்.

கடைக்காரர் முன்னால் சாய்ந்தார். "அம்மா, அந்த முக்கோணம்..."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து டிவிக்குக் குறுக்கே நின்றேன்.

"நான்தான். போர்வையை நான்தான் வெட்டினேன். இவர் எதையும் தொலைக்கல. எல்லாம் பொய்."

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தள்ளுங்க. படம் மறைக்குது."

"உனக்குக் கோபம் வரலியா?"

"அன்னிக்கே வந்து அன்னிக்கே போயிடுச்சு. உங்க கத்தரி முழுக்கப் பழுப்புக் கம்பளி இழை."

"எங்கிட்ட அம்மா அடுத்த நாளே சொல்லிட்டாங்க சார்," என்றார் கடைக்காரர். "உங்களைப் பார்த்தா சிரிப்பு வந்துடும். அதான் முகத்தைத் திருப்பிக்குவேன்."

"தெரிஞ்சுமா மூணு மாசம் என்னைத் துவைக்க விட்டே?"

"நீங்களா சொல்றவரைக்கும்னு நினைச்சேன். ரெண்டு நாள்ல சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். துவைச்சுக்கிட்டே இருந்தீங்க."

நான் உட்கார்ந்தேன். படம் முடிந்து பெயர்கள் ஓடின. 'மிருகத்தின் உடை' என்று வந்தது. அதற்குக் கீழே என் மனைவியின் பெயர்.

"மிருகத்தோட தோள் பிரிஞ்சுபோய் ஒருநாள் மூட்டைகட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து ஒளிச்சு வச்சீங்களே," என்றாள். "நீங்க தூங்கினதும், நீங்க போட்ட தையலைப் பிரிச்சுட்டு நான் தைச்சேன்."

அந்தத் தையலைத்தான் டைரக்டர் என் முதுகில் தட்டிப் பாராட்டினார். நானும் அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

"போன வாரம் அவர் போன் பண்ணினார். அந்தத் தோளை உண்மையில யார் தைச்சாங்கன்னு கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. ரெண்டாம் பாகத்துக்கு மிருகத்தை என்னையே தைக்கச் சொல்லிட்டார்."

"அப்போ நான்?"

"உங்களை விட்டுடுவேனா? உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசியிருக்கேன். மிருகம் தினமும் குளத்துல விழுந்து எழுந்திருக்குமாம். அதைத் துவைச்சுப் போட அனுபவமுள்ள ஆள் வேணுமாம்."

சலவைக்கடைக்காரர் எழுந்து வந்து, தொழிலுக்கு வந்த புது ஆளுக்குக் கைகொடுத்தார்.