முதல் சிலிண்டர்

"ஜுபைரு, வாசல்ல காயவெச்ச சிலிண்டர் எங்கடா?"

"காலி தானே சார்? மணலிக்கு கேஸ் ரொப்பப் போற லாரில ஏத்தி வுட்டேன்."

லோகநாதன் அப்படியே சுவரில் சாய்ந்தான்.

திருவொற்றியூரில் அந்த கேஸ் ஏஜென்சிக்கு அன்று பொன்விழா. லாரியேறிப் போனது, முதலாளி மனோகரனின் அப்பா முதன்முதலில் சப்ளை செய்து, காலியாகித் திரும்பி வந்த சிலிண்டர். கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் மாலை அதற்குத்தான். விழாவுக்காகக் கழுவி வாசலில் வைத்தவன் லோகநாதனே. வாசலில் காலி சிலிண்டரைப் பார்த்தால் லோடுமேன் ஜுபைரின் கை தானாகத் தூக்கிவிடும்.

எண்ணூர்க் கிளைக்கு மேனேஜர் யாரென்று மாலை மேடையில் அறிவிப்பார்கள். லோகநாதன்தான் என்று முதலாளி ஜாடை காட்டியிருந்தார்.

"திரும்ப எடுத்துட்டு வந்துரலாமா?"

"அங்க மலையாட்டம் குவிச்சி வெச்சிகினு கீறாங்க. எதுன்னு தேடுவ? பேஜாரு சார்."

குடோனிலிருந்து வேறொரு காலி சிலிண்டரை உருட்டி வந்து, பழசாகத் தெரியச் செங்காவி பெயின்ட் அடித்தார்கள். அது காய்வதற்குள் முதலாளி வந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு இமையும் செங்காவி.

"என்னய்யா இது?"

"குங்குமம் சார். ஈரமாயிடுச்சு."

"அடியில ஒரு நசுங்கல் இருக்குமே?"

அவர் முகம் கழுவப் போன இடைவெளியில் ஜுபைர் சிலிண்டரைப் படியில் உருட்டிவிட்டான். நசுங்கியது. ஆனால் மேல்பக்கம்.

"நசுங்கல் கீழ இல்ல இருந்தது?" என்றார் திரும்பி வந்த முதலாளி.

"இத்தனை வருஷமா தலைகீழா வெச்சிருந்தோம் சார்."

மனோகரன் லோகநாதனை மேலும் கீழும் பார்த்தார்.

"காசிமேட்டுக்கு ஆட்டோ அனுப்பு. பூவம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லு. நம்ம மொத கஸ்டமர். இதுதான் அந்த சிலிண்டர்னு அது வாயால சொல்லட்டும். இல்லேன்னா உனக்கு எண்ணூரும் இல்ல, இந்த ஆபீசும் இல்ல."

வெள்ளி விழா மேடையில் பெரிய முதலாளி கையால் பட்டுப்புடவை வாங்கியவள் பூவம்மா. அந்தப் படம் இன்னும் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. மாலையில் அதே புடவையில் வந்து இறங்கினாள். லோகநாதன் அவள் காதைக் கடிக்க மூன்று முறை முயன்றான். மூன்று முறையும் நடுவில் முதலாளி.

மேடையில் பூவம்மா சிலிண்டரைச் சுற்றி வந்தாள். நசுங்கலைத் தடவினாள். லோகநாதன் ராஜினாமா வாசகத்தை மனதுக்குள் எழுதத் தொடங்கினான்.

"என் ராசாத்தி!" பூவம்மா சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "கண்ணாலம் கட்டிகினு வந்த புதுசுல மொத சோறு இதுல தானே ஆக்குனேன்!"

கைதட்டல் அடங்கவில்லை. முதலாளி மூக்கைச் சிந்தினார். மைக்கில் எண்ணூர் மேனேஜராக லோகநாதனின் பெயர் ஒலித்தது.

பந்தியில் அவன் அவளருகே குனிந்தான்.

"ஆயா, நீ தெய்வம். டூப்பு சிலிண்டர்னு தெரிஞ்சும் என்னைக் காப்பாத்திட்ட!"

பூவம்மா இலையிலிருந்து நிமிரவில்லை.

"எனக்கு இன்னா தெரியும் நைனா? வெள்ளி விழாவுக்கு மொத கஸ்டமர் கெடைக்கலன்னு, மீன் வித்துகினு இருந்த என்னைய மேடை ஏத்துனதே பெரிய மொதலாளி தான். எங்க வூட்ல அப்போ வெறகடுப்பு!"