கடலுக்குப் போக ஒரு பெரட்டு

கடலில் குளிக்கப் போவதற்கு நாலு வாரம் முன்னாலிருந்தே ஆஜர் எடுத்த மனிதர், மலேசியாவின் பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும் எங்கள் பிளாட்டின் பெரட்டு அண்ணன் ஒருவர்தான்.

பீடோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். விடியுமுன் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. தோட்டம் போய் அங்கே வீடுகள் வந்துவிட்டன. அண்ணன் ஈப்போவில் காவலாளி ஆனார். பெரட்டு மட்டும் அவரை விடவில்லை.

அவர் மனைவி சரசு அக்காவுக்கு அலையில் உட்கார வேண்டும் என்று வெகுநாள் ஆசை. லுமுட் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் காரைவிட்டு இறங்கமாட்டார். "ஊரே பாக்க நனைஞ்சுகிட்டு நிப்பேனா?"

ஆளில்லாத கடற்கரை ஒன்றை அண்ணன் கண்டுபிடித்தார். பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சாலை கிடையாது, காட்டு வழியே நடக்க வேண்டும். அந்த ஆளில்லாத இடத்துக்குத் துணையாகப் பதினோரு பேரைச் சேர்த்தார்.

முதல் ஞாயிறு காலை ஆறரைக்குப் பூப்பந்து மைதானத்தில் விசில் ஊதினார். பாதி திருநீறோடு ஓடினேன்.

"பூங்காவுக்குள்ள போறதுக்கே வாசல்ல பேர் எழுதுறாங்களாம் லா. நம்ம பெரட்டு மாதிரியேதான்" என்றார். முகத்தில் தீபாவளி.

காட்டு நடைக்குப் பழக அரிசி மூட்டையைச் சுமந்து பிளாட்டைச் சுற்றினோம். குரங்கு வந்தால் பையை அணைத்துக்கொள்ளவும் பயிற்சி உண்டு. லாரி ஓட்டும் மணிதான் குரங்கு. கொடுத்த வேலையில் ஒன்றிப்போய் என் வடையைத் தின்றே விட்டான்.

"கடல் வந்ததும் எல்லாரும் காட்டப் பாத்துத் திரும்பிடணும். அக்கா கரையேறுற வரைக்கும் ஒருத்தனும் அசையக்கூடாது" என்றார் அண்ணன்.

"அப்ப நாங்க கடலப் பாக்கறது எப்பண்ணே?" என்றான் மணி.

"போட்டோல பாத்துக்க லா."

நாலாவது ஞாயிறு என் மனைவி கேட்டாள். "அண்ணே, அக்கா எப்பதான் பழக வருவாங்க?"

அண்ணன் விசிலைச் சட்டையில் துடைத்தார். "அவகிட்ட இன்னும் கேக்கல."

நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கியவர். "முட்டி வலிக்குது, வரலன்னுட்டா?" என்று எங்களிடம் மெதுவாகக் கேட்கிறார்.

பதினோரு பேரும் அவரைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினோம். கதவைத் திறந்த அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"நாலு வாரமா பின்பக்கப் படியில ஏறி எறங்கிட்டு இருக்கேன், முட்டி பழகட்டும்னு. கீழ ஊதுற விசில் எனக்குக் கேக்காதா? ஊர்ப்பட்ட பேரக் கூப்பிட்டாரு. என் பேரத்தான் காணோம்."

அண்ணன் விறைப்பாக நின்றார். "சரஸ்வதி" என்றார். அந்தக் குரலுக்குப் பக்கத்து வீட்டுப் பூனைகூட எழுந்திருக்காது.

"வாரேன்" என்றார் அக்கா.

வருகிற சனிக்கிழமை கிளம்புகிறோம். எனக்குத் தூக்கமே இல்லை. மழை வரக்கூடாதென்று நேற்று முருகனுக்கு அர்ச்சனை கொடுத்தேன். யார் பெயருக்கு என்று குருக்கள் கேட்டபோதுதான் அண்ணனின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று உறைத்தது.

"பெரட்டு அண்ணன், சாமி."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. அவரு நல்லா இருக்கணும், அவ்வளவுதான்."