கொமோதோ பக்கம் போட்ட கையெழுத்து

இதை எழுதும் எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இருந்ததில்லை. நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கதை. ஆனால் நான் சும்மா இருந்தால் என் மனைவி சாரதா சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள். அவள் சொல்லும் கதையில் நான் இன்னும் பெரிய முட்டாளாக வருகிறேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், முன்பின் தெரியாத ஒருவர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “பிரெஞ்சு மாப்ளங்கிறது நீங்கதானுங்களா?” என்று கேட்டார். ரசம் சாதம் ஆறிப்போகும்வரை அவருக்கு விளக்கம் சொன்னேன். இனி முடியாது. எழுதி வைத்துவிட்டால், கேட்கிறவர்களிடம் தாளை நீட்டிவிட்டுச் சாப்பிடலாம்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

நான் மாயவரத்தில் தபால் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். வெளிநாட்டுத் தபாலுக்கு ஒட்டும் சீட்டுகளில் அந்தக் காலத்தில் பிரெஞ்சு வார்த்தைகள் இருக்கும். ஆகாய மார்க்கமாகப் போகிற கடிதத்துக்கு ‘பார் அவியோன்’. பதிவுத் தபாலுக்கு ‘ரெகொமாந்தே’. ஒட்டி ஒட்டி நாலைந்து வார்த்தைகள் என் நாக்கிலும் ஒட்டிக்கொண்டன. என் கல்யாணத்தின்போது பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், என்னைப் பார்த்து “பொன்ழூர்” என்றார். நான் “மெர்ஸி முஸ்ஸியே” என்றேன். (அவர் சொன்னது வணக்கம். நான் சொன்னது நன்றி ஐயா. நல்லவேளை, பெரியவருக்குக் காது மந்தம்.) பந்தி முடிவதற்குள், என் மாமனார் வைத்திலிங்கத்துக்கு வாய்த்த மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு என்று அவர்கள் ஊரான சுரக்குடி முழுக்கப் பேச்சு. நான் மறுத்திருக்கலாம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வரும்?

காரைக்கால் பக்கத்தை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். கொடி மாறியதே தவிர ஆபீஸ் மாறவில்லை. நோட்டும் முத்திரையும் பழையவை. மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போகும் வழக்கமும் பழையபடியே. அப்போதுதான் கொம்யூன் சபை (எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்து என்போம்) ஒரு திட்டம் போட்டது. திருநள்ளாற்றிலிருந்து சுரக்குடிக்கு வளைந்து வளைந்து வரும் பாதையை விட்டுவிட்டு, வயல்களின் நடுவே நேராக ஒரு சாலை. யாரோ வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்துவிட்டார்கள். அந்தக் கோடு என் மாமனாரின் ஆறு மாத் தாக்கை, அதாவது இரண்டு ஏக்கர் வயலை, சரிபாதியாக வெட்டிக்கொண்டு போனது.

சாலைக்குப் போகிற மண்ணைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. வாய்க்கால் மேற்குப் பக்கம் ஓடியது. நடுவில் சாலை மேடு எழும்பினால் கிழக்குப் பாதிக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. மிராசுதார் என்று ஊர் சொல்லுமே தவிர, அவருக்கு இருந்தது அந்த ஒரு தாக்குதான். வீட்டில் வருடம் முழுக்க உலை கொதித்தது அந்த நெல்லில். செய்தி தெரிந்த அன்று காலையில் வயலுக்குப் போன மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவே இல்லை என்று சாரதா சொன்னாள்.

பாதிக்கப்பட்ட நிலக்காரர்கள் பதினேழு பேர் கூடி எதிர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். எதிர்ப்பதற்கும் ஒரு முறை இருந்தது. மேரியில் ஒரு நோட்டைத் திறந்து வைப்பார்கள். (கொம்யூன் ஆபீஸுக்கு அங்கே மேரி என்று பெயர். “நாளைக்கு மேரியப் பாக்கப் போவணும் மாப்ள” என்று மாமனார் சொன்னபோது, யாரோ ஒரு பெரிய மனுஷி என்று நினைத்து நான் பழம் வாங்கி வைத்தேன்.) திட்டம் வேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் அந்த நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். எல்லாம் பிரெஞ்சில் இருக்கும் என்பதால் துணைக்கு நான்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் லீவு போட்டுக் கிளம்பினேன். பேரளத்தில் வண்டி மாறும்போது, “மாமா, எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை” என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். ஊருக்குள் நுழைந்ததும் மாமனார் கூட்டத்தைப் பார்த்து, “நம்ம மாப்ள வந்துட்டாங்க, இனிமே பயமில்ல” என்றார். அவர் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒத்திகை அத்தோடு போயிற்று.

நாங்கள் போனது நோட்டு திறந்திருக்கும் கடைசி நாள். மணி பதினொன்றரை. மேசைக்குப் பின்னால் எழுத்தர் சேசுராஜ் உட்கார்ந்திருந்தார். எங்கள் கூட்டத்தில் காரைக்கால் மரைக்காயர் ஒருவர் இருந்தார். சிங்கப்பூரில் கடை, சுரக்குடியில் நிலம். அவர் எழுத்தரிடம், “நம்ம மாப்ளக்கிப் பிரெஞ்சு அத்துப்படி” என்று போட்டுக் கொடுத்துவிட்டார். சேசுராஜின் முகம் மலர்ந்தது. பாவம், ஒரு வருடமாகப் பிரெஞ்சு பேச ஆள் கிடைக்காமல் தவித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் வாயில் ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. நான் தலையை ஆட்டி ஆட்டி “வுய், வுய்” என்றேன். ஆமாம் என்று அர்த்தம். அது ஒன்றுதான் சரியாகத் தெரியும்.

நடுவில் அவர் பேச்சை நிறுத்தி, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பூர்? ஊ கோந்த்ர்?” என்று கேட்டார்.

பூர் என்று என் காதில் விழுந்தது. இங்கிலீஷில் பூர் என்றால் ஏழை. நீங்களெல்லாம் ஏழைகளா என்று கேட்கிறார்! ஏழை என்றால் சர்க்கார் இரங்கும் அல்லவா? நான் பதினேழு பேரையும் கையால் காட்டி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “பூர். பூர். வுய், பூர்!” என்றேன். (என் கை காட்டிய வரிசையில் மரைக்காயர் சில்க் சட்டையும் அத்தருமாக நின்றுகொண்டிருந்தார்.) எங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்யவேண்டும் என்பதையும் சொல்லிவிடலாமே என்று, மேசையைத் தட்டி, “ரெகொமாந்தே!” என்றேன். சேசுராஜ் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு சேசுராஜ் நோட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு பக்கம். இடப்பக்கம் ‘கொமோதோ’. வலப்பக்கம் ‘இன்கொமோதோ’.

“எந்தப் பக்கம் தம்பி?” என்றார் மரைக்காயர்.

நான் கண்ணை மூடி யோசித்தேன். இன் என்றால் உள்ளே. சாலை உள்ளே வரட்டும் என்கிறவர்கள் இன்கொமோதோ. வெளியே நிற்கட்டும் என்கிறவர்கள் வெறும் கொமோதோ. கண்ணைத் திறந்து, “இடப்பக்கம்” என்றேன்.

“இல்ல தம்பி, ‘இன்’னு முன்னால வந்தா வேணாங்கிற அர்த்தம்ல? சிங்கப்பூர்ல கணக்குப்புள்ள எழுதுவானே, இன்கரெக்டுன்னு…”

“அது இங்கிலீஷுங்க மரைக்காயரே. இது பிரெஞ்சு.”

இந்தப் பதிலை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. மாமனார் நாக்கைக் கடித்துக்கொண்டு, வைத்திலிங்கம் என்று முழுப் பெயரையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அவருக்குக் கீழே பதினாறு பேர். கதவு சாத்தும் நேரத்துக்குள் கச்சிதமாக முடிந்தது.

மூன்று வாரம் கழித்துச் சபைக் கூட்டம். வெற்றியைப் பார்ப்பதற்காக நான் மறுபடியும் லீவு போட்டுச் சாரதாவையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தேன். வாசலிலேயே மாமனாருக்கு ரோஜா மாலை போட்டார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். சபைத் தலைவர் எழுந்தார்.

“ரோடுன்னாலே எல்லா ஊர்லயும் சண்டதான். ஆனா நம்ம சுரக்குடிக்காரங்க பதினேழு பேரும் நேர்ல வந்து, ரோடு போடுங்க, எங்களுக்குச் சௌகரியம்தான்னு கொமோதோ பக்கம் கையெழுத்துப் போட்டுருக்காங்க. ஆட்சேபனைன்னு இன்கொமோதோ பக்கம் ஒரு கையெழுத்து கெடையாது. வெள்ளக் காயிதம்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. மரைக்காயர் “யா அல்லா” என்றார். பிறகு வாயில் துண்டை வைத்துக்கொண்டு குலுங்கினார். (அவருக்கு வேறு இடத்திலும் நிலம் இருந்தது, சிரிக்க முடிந்தது.) மாமனார் மாலையைக் கழற்றி, மடித்து, என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னோடு அவர் பேசவில்லை. நான் மாயவரம் திரும்பவில்லை, தந்தி கொடுத்து லீவை நீட்டினேன்.

மறுநாளே மரைக்காயரைக் கூட்டிக்கொண்டு சேசுராஜிடம் ஓடினேன். இப்போது தமிழில் பேசினார்.

“முஸ்ஸியே, பூர்னா ஆதரவு, கோந்த்ர்னா எதிர்ப்பு. எதுன்னு கேட்டேன். நீங்க பூர், பூர்னு மூணு வாட்டி சொன்னீங்க. போதாததுக்கு மேசையத் தட்டி ரெகொமாந்தேன்னீங்க. தபால்லதான் அது பதிவு. மத்தபடி, சிபாரிசுன்னு அர்த்தம்.” பிறகு, “அப்ப அன்னிக்கு நான் அவ்வளவு நேரம் பேசுனது ஒண்ணுமே வெளங்கலியா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

நோட்டு புதுச்சேரிக்குப் போய்விட்டது, சாலையை இனி நிறுத்த முடியாது என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியவர், பத்தாவது நாள் கூப்பிட்டுவிட்டார். ஒரே ஒரு வழி இருந்தது. தவறான மொழிபெயர்ப்பை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தால், சாலைக்கு அடியில் தண்ணீர் போக ஒரு குழாய் வைக்கச் சொல்லி இன்ஜினீயரைக் கேட்கலாம். அதற்கு, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று நான் கையெழுத்திட்டு உறுதி சொல்லவேண்டும்.

மாமனாரும் சாரதாவும்கூட வந்திருந்தார்கள். ஒன்பது நாள் வாய் திறக்காத மனிதர் அப்போதுதான் திறந்தார்.

“வேணாங்க. எங்க மாப்ளக்கி ஒண்ணும் தெரியாதுன்னு சர்க்கார் காயிதத்துல ஏறணுமா? நாலு பேரு எப்படி மதிப்பாங்க? கெழக்குப் பாதி போனா போவுது.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாரதா குறுக்கே வந்தாள். “நீங்க சும்மா இருங்கப்பா. ரோட்டப் போட்டதே இவங்கதான். கொழாயையும் இவங்களே போடட்டும்.”

சேசுராஜ் அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி என் முன் வைத்தார். முழுக்கப் பிரெஞ்சு. நான் பேனாவை எடுத்தேன்.

“என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்தீங்களா தம்பி?” என்றார் மரைக்காயர்.

“படிச்சாலும் புரியாதுங்க.”

“அப்ப காயிதத்துல உள்ளது நெசந்தான். போடுங்க.”

போட்டேன். முத்திரை குத்தி மாமனாருக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். அப்புறம் அந்தக் குழாய்க்காக நான் லீவு போட்டு அலைந்த அலைச்சலை எழுதினால் இந்தத் தாள் போதாது. எந்த மேசைக்குப் போனாலும், “பிரெஞ்சு தெரியாதவர் நீங்கதானா?” என்று கேட்டு உட்கார வைத்தார்கள். இரண்டு சம்பாப் பருவம் கிழக்குப் பாதி தரிசாகவே கிடந்தது. மூன்றாவது வருடம் குழாய் வந்தது, தண்ணீரும் வந்தது. மாமனார் நாற்றுக்கட்டோடு வயலில் இறங்கினார்.

அவர் காலமான பிறகு, பாகம் பிரிக்க என் மைத்துனர் தகரப் பெட்டியைத் திறந்தார். கிரயப் பத்திரத்துக்கும் மேலே அந்த நகல் இருந்தது. அதன் பின்பக்கத்தில் மாமனார் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: ‘கிழக்குப் பாதிக்கு மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்த பத்திரம்.’ கீழே இரண்டு கோடு.

சாரதா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். என் கண்ணில் பென்சில் எழுத்து படவேண்டும் என்று நினைத்தேன். அவளோ எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று முத்திரை குத்திய பக்கத்தை வெளியே வைத்து மாட்டியிருக்கிறாள். மருந்துச் சீட்டையோ மின்சார ரசீதையோ கையில் எடுத்து நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், பேத்தி நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறாள். நான் சீட்டை அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.